சம்பந்தியின் முகம் மூன்று வாரத்துக்குத் தேவை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலமா இல்லையா என்பதைக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் அங்கே நலம் என்பதை என் மகள் தினமும் போனில் சொல்லிவிடுகிறாள். உங்கள் இரத்த அழுத்தம் காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்பது எனக்கு மனப்பாடம். வாயால் சொன்னது நிற்காது, எதையும் எழுத்தில் கொடுங்கள் என்பது எடை அளவு ஆய்வாளராக இருந்த காலத்திலிருந்து உங்கள் கொள்கை. அதனால் எழுத்தில் கொடுக்கிறேன். உங்களிடம் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது. எடுத்த எடுப்பில் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், பெண்ணைக் கொடுத்தவனுக்கு அது நல்லதல்ல. ஆகவே முதலில் நடந்ததைச் சொல்கிறேன், கேட்பதைக் கடைசியில் கேட்கிறேன்.

நடந்ததற்கெல்லாம் மூலகாரணம் நீங்கள்தான். நான் ஸ்டுடியோவை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்து, சுவரில் நேராக இருந்த படங்களை நேராக்கிக்கொண்டிருந்தபோது, "சும்மா உக்காந்தா துரு புடிச்சிருவீங்க சம்பந்தி, எங்கயாவது போய் ஒத்தாசையா இருங்க" என்றீர்கள். அடுத்த வாரமே இங்குள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தொண்டராகச் சேர்ந்தேன். சக்கர நாற்காலி தள்ளச் சொல்வார்கள், வழி காட்டச் சொல்வார்கள் என்று நினைத்துப் போனால், என்னை இரண்டாவது மாடியில் இருக்கும் ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும். அங்கே வெள்ளெலி, புகை வரும் கண்ணாடிக் குடுவை எல்லாம் இருக்கும் என்று பயந்துகொண்டே படியேறினேன். இருந்ததெல்லாம் நான்கு அறை, ஒரு ஃப்ரிட்ஜ், ஆளுயரத்துக்கு அடுக்கிய காகிதங்கள், பிறகு கண்ணாடி போட்ட ஓர் அம்மா. ஆராய்ச்சியை ஒருங்கிணைப்பவர் அவர்தான். எல்லோரும் அவரைக் கோடு அம்மா என்கிறார்கள். ஏன் என்று பிறகு தெரியும்.

அங்கே நடக்கும் ஆராய்ச்சியைப் பெரிய டாக்டரே எனக்கு விளக்கினார். பெரிய டாக்டர் என்றால் ஒல்லியான, குள்ளமான பெண்மணி, பதவிதான் பெரியது. சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைகள் ஒரு மாத்திரையைத் தினம் இருமுறை வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும். அது அப்படியொரு கசப்பு. பொடித்துக் கொடுத்தாலும் பாதிக் குழந்தைகள் துப்பிவிடுகின்றன, துப்பினால் நோய் திரும்பி வந்துவிடுகிறது. இப்போது அதே மருந்தை இனிப்பு நீராக மூன்று விதமாகத் தயாரித்திருக்கிறார்கள். சிவப்பு லேபிள், மஞ்சள் லேபிள், பச்சை லேபிள். மூன்றிலும் மருந்து ஒன்றுதான், கசப்பை மறைக்கும் வழிதான் வேறு. எந்த லேபிளில் எந்த வழி என்று கொடுப்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது, பெரிய டாக்டருக்கே தெரியாது. நாற்பத்தொரு குழந்தைகள் மூன்றையும் ருசி பார்த்து எது தேவலை என்று சொல்லவேண்டும். அவர்கள் சொல்வதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். இனி வரப்போகும் குழந்தைகள் எல்லாம் அதைத்தான் குடிக்கப்போகிறார்கள். "நாம தப்பா தேர்ந்தெடுத்தா, ஒரு பிள்ள பத்து வருஷம் தினம் ரெண்டு வேள நம்மள திட்டும்" என்றார் பெரிய டாக்டர். எனக்கு அப்போதே உடம்பு சிலிர்த்தது. உருப்படியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அந்த நிமிர்வு மதியம் வரை இருந்தது.

மதியம் என்ன நடந்தது என்றால், நான் என் சாப்பாட்டு டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஃப்ரிட்ஜ் என்றால் சாப்பாடு வைக்கத்தானே என்று இடம் போதாமல் நாலு பாட்டில்களை நகர்த்தி, கதவைப் பாதி மூடிவிட்டு வந்துவிட்டேன். கால் மணி நேரத்தில் கட்டடமே அலறியது. அந்த ஃப்ரிட்ஜுக்குள் வெப்பமானி இருக்கிறது, அது அளவுக்கு மேல் போனால் மணி அடிக்கும், அந்த மணி அடித்தால் கோடு அம்மா ஓடி வருவார் என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? "அய்யய்யோ சார், அது மருந்து ஃப்ரிட்ஜ்!" என்று என் டப்பாவை இரண்டு விரலால் தூக்கி வெளியே எடுத்தார். நல்லவேளை, மருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 'தொண்டரின் மதிய உணவு, பதினாறு நிமிடம்' என்று ஒரு பெரிய பதிவேட்டில் ஏறிவிட்டது. அதை இன்னும் முப்பது வருடம் கழித்து யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுவார்களாம். என் பேரப்பிள்ளைகள் காலம் வரை என் சாப்பாடு பேசப்படும்.

இரண்டாவது வாரம் காகித வேலை கொடுத்தார்கள். ஒரு படிவத்தில் ஒரு குழந்தையின் எடையைத் தப்பாக எழுதிவிட்டேன். ஸ்டுடியோக்காரன் கை சும்மா இருக்குமா? எத்தனை பேர் கன்னத்தில் பருவை அழித்திருக்கிறேன்! வெள்ளை மையை எடுத்துத் தடவி, ஊதிக் காயவைத்து, அதன்மேல் அழகாகச் சரியான எண்ணை எழுதினேன். தப்பு நடந்த சுவடே இல்லை. கோடு அம்மாவிடம் பெருமையாக நீட்டினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆராய்ச்சியில் தப்பை அழிக்கக் கூடாதாம் சம்பந்தி. ஒரே ஒரு கோடு போட்டு, தப்பு தெரியும்படி விட்டுவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடவேண்டுமாம். "தப்பு பண்ணலாம் சார், மறைக்கத்தான் கூடாது" என்றார். அவருக்குப் பெயர் வந்த காரணம் புரிந்தது. இந்த விதியை வீட்டில் வந்து சொன்னேன். "முப்பத்தெட்டு வருஷமா நான் என்ன சொல்லிட்டிருக்கேன்?" என்றாள் உங்கள் சம்பந்தியம்மா.

ஃப்ரிட்ஜும் வேண்டாம், பேனாவும் வேண்டாம், இவரைக் குழந்தைகளோடு உட்கார வையுங்கள் என்று முடிவானது. நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். வேலை இதுதான்: சின்ன மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. மேசைமேல் ஐந்து அட்டைகள். முதல் அட்டையில் முகம் ஓவென்று அழுகிறது, அடுத்தது சிணுங்குகிறது, நடுவில் இருப்பது உம்மென்று இருக்கிறது, அடுத்தது புன்னகை, கடைசி வாய்கொள்ளாச் சிரிப்பு. ஊசியில்லாத சிரிஞ்சில் நர்ஸ் சில துளி மருந்து வாயில் விட்டுவிட்டுப் போவார். எப்படி இருந்தது என்று குழந்தை ஓர் அட்டையைத் தொட்டுக் காட்டவேண்டும், நான் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தண்ணீர், ஒரு பிஸ்கட், பத்து நிமிடம் ஓய்வு, அடுத்த லேபிள். திங்கள், புதன், வெள்ளி நான். செவ்வாயும் வியாழனும் ஒரு கல்லூரிப் பெண்.

எதிரே ஒரு குழந்தை உம்மென்று உட்கார்ந்திருந்தால் நாற்பது வருடப் பழக்கம் என்ன செய்யும் சொல்லுங்கள்? பாஸ்போர்ட் படத்துக்கு வந்து வீறிட்ட எத்தனை பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவன் நான்! என் மஞ்சள் ரப்பர் வாத்தைப் பையில் கொண்டுபோயிருந்தேன். மருந்து வாய்க்குள் போனதும் ஒரு 'பீப்'. கூடவே என் முகத்தில் அந்தச் சிரிப்பு. அதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். குழந்தை உடனே பல்லைக் காட்டிக் கடைசி அட்டையைத் தொட்டுவிடும். ஒரு மாதத்தில் நான் வாத்துத் தாத்தா ஆகிவிட்டேன். தாய்மார்கள் திங்கள்கிழமைக்குத்தான் நேரம் கேட்டார்கள். நான் என்னவோ மருத்துவத் துறையே என்னால் முன்னேறுவதாக நினைத்துக்கொண்டேன்.

நினைப்புக்கு உலை வைத்தவர் கணக்கு டாக்டர். அவர் கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டரோடு வாழ்பவர், மேலே வரவே மாட்டார். அன்று வந்தார். "செவ்வாயும் வியாழனும் நம்பர் மேல கீழன்னு இருக்கு. திங்கள், புதன், வெள்ளி மட்டும் சிவப்பும் தேன், மஞ்சளும் தேன், பச்சையும் தேன். எந்த மருந்தும் பிள்ளைங்களுக்கு இவ்வளவு பிடிக்காதே" என்றார். முதலில் ஃப்ரிட்ஜைச் சந்தேகப்பட்டார்கள். எல்லோரும் என் டப்பாவைப் பார்த்தார்கள். பிறகு பிஸ்கட்டைச் சந்தேகப்பட்டார்கள். என்னை யாரும் சந்தேகப்படவில்லை, நானும்தான்.

அப்போது உள்ளே வந்தாள் கலெக்டர். ஆறு வயது. எங்கு போனாலும் உத்தரவு போடுவதால் அந்தப் பெயர். இரண்டு வருடமாக அந்தக் கசப்பு மாத்திரையோடு போராடுகிறவள். அவளுடைய அம்மா தையல்காரர். தினம் காலையும் மாலையும் மெஷினை நிறுத்திவிட்டு, ஒரு கையால் மூக்கைப் பிடித்து, மறு கையால் மருந்து ஊற்றி, அவள் அழ, இவரும் அழ, அப்படித்தான் நடக்கிறது அந்த வீட்டில். போன வாரம் என்னிடம் வந்தபோது சிவப்பு லேபிளுக்குக் கடைசி அட்டையைத் தொட்டிருந்தாள். கோடு அம்மா சாதாரணமாக, "சிவப்பு மருந்து உனக்கு ரொம்ப பிடிச்சுதாம்மா?" என்று கேட்டார்.

"உவ்வே" என்றாள் கலெக்டர்.

"சிரிக்கிற மூஞ்சிய தொட்டியேம்மா?"

"தாத்தாதான சிரிச்சாரு? அவரு எந்த மூஞ்சின்னு கேக்குறாருன்னு நெனச்சேன். மருந்து உவ்வே. நான் அவரு வாத்துப் பையிலதான் துப்பினேன்."

பையைத் திறந்து பார்த்தோம். துப்பித்தான் இருந்தாள்.

சம்பந்தி, வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு வந்தேனே தவிர, அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தாறு குழந்தைகள் என் முகத்துக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். அதை மருந்துக்கான மதிப்பெண் என்று நம்பிச் சிவப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால், அந்தப் பிள்ளை பெரியவளாகும்வரை தினம் இருவேளை அந்த உவ்வேயைக் குடித்திருப்பாள். அவளைச் சிரிக்க வைத்தேன் என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்திருப்பேன். ராஜினாமா எழுதி நீட்டினேன். கோடு அம்மா வாங்கிப் படித்து, அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, கையெழுத்தும் தேதியும் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நடந்ததைப் பெரிய டாக்டர் மறைக்காமல் எழுதி மேற்பார்வைக் குழுவுக்கு அனுப்பினார். வாத்து என்ற சொல் அதில் ஏழு இடத்தில் வருகிறது. குழந்தைகளின் பெற்றோர் மறுபடி சம்மதித்தால் அந்த இருபத்தாறு பேரும் புதிதாக ருசி பார்க்கலாம், ஆனால் எதிரே உட்காருகிறவர் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்று குழு சொல்லிவிட்டது. மூன்று வாரத்தில் பாட்டில்கள் காலாவதி ஆகின்றன. அதற்குள் முடியாவிட்டால் ஆராய்ச்சியே போச்சு, கலெக்டருக்குப் பழைய மாத்திரைதான். அந்தக் கல்லூரிப் பெண்ணோ பரீட்சை என்று போய்விட்டாள்.

உடனே ஆள் தேடும் படலம். ஊழியர்களின் பிள்ளைகளை வைத்து வெறும் தண்ணீரில் ஒத்திகை பார்த்தோம். வாசல் காவலாளியை உட்கார வைத்தோம். அவர் மீசையைப் பார்த்துவிட்டு ஒரு பையன், "தண்ணி கசக்குது" என்று அழுதான். எக்ஸ்ரே எடுப்பவர் வந்தார். பழக்கதோஷத்தில் "மூச்ச இழுத்துப் புடி" என்றார், மூச்சைப் பிடித்த பிள்ளைக்கு ருசி எங்கே தெரியும்? கேன்டீன் அம்மா உட்கார்ந்தால், 'இன்னும் கொஞ்சம் வேணுமா கண்ணு' என்று அவர் முகமே கேட்கிறது. நர்ஸ்களைப் பார்த்தாலோ ஊசி ஞாபகம். நானும் விடாமல் வீட்டில் கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்தேன். "என்ன பண்றீங்க?" என்றாள் உங்கள் சம்பந்தியம்மா. முகத்தில் எதுவும் தெரியாமல் இருக்கப் பழகுகிறேன் என்றேன். "அதுக்கு எதுக்குப் பழகணும்? நான் பேசும்போது இருக்கிற மாதிரி இருங்க" என்றாள். அப்படியே போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் அதற்கும் சிரித்தன.

இந்த இடத்தில்தான் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

தயவுசெய்து கடிதத்தைக் கீழே வைத்துவிடாதீர்கள். நம் பிள்ளைகள் கல்யாணத்தில் நான் எடுத்தவை இருநூற்றுப் பதினான்கு படங்கள். ஒன்றில்கூட நீங்கள் சிரிக்கவில்லை. குடும்பப் படம் எடுக்கும்போது என் வாத்தை அழுத்தினேன். மணமக்கள் சிரித்தார்கள், சமையல்காரர் சிரித்தார், தூங்கிக்கொண்டிருந்த உங்கள் பெரியப்பா எழுந்து சிரித்தார். நீங்கள் மட்டும் வாத்தின் அடியில் எடை முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு மனத்தாங்கல். பெண் வீட்டு ஏற்பாட்டில் ஏதோ குறை என்று மூன்று நாள் தூங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, முப்பத்தைந்து வருடம் கடைக்காரர்கள் தராசைச் சோதித்தவர் நீங்கள். முள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முகம் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்று பழகியவர் நீங்கள். கோபம், சந்தோஷம், பசி எதுவும் வெளியே தெரியாத அப்படி ஒரு முகத்தை நான் என் தொழிலில் வேறெங்கும் கண்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நிறையாகவே சொல்கிறேன். ஐந்து அட்டைகளில் நடு அட்டையை வரைந்தவர் உங்களைப் பார்த்துத்தான் வரைந்திருக்கவேண்டும்.

ஆகவே உங்கள் முகத்தை மூன்று வாரத்துக்குக் கொடுத்து உதவவேண்டும். கூடவே நீங்களும் வந்துதானே ஆகவேண்டும்? மாடி அறையைத் துடைத்து வைத்திருக்கிறோம். எடைக்கற்களைக் கொண்டு வந்து ஆஸ்பத்திரி எடை மெஷினைச் சோதித்துக்கொள்ளலாம், அதற்கும் கோடு அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். என் முகம் செய்த தப்பை உங்கள் முகம்தான் நேர் செய்யவேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளை குளிரில் தலைக்கு எதையாவது சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டட்டும். என் மகளுக்கு ஆசி. பேத்திக்கு இரு கன்னத்திலும் தலா ஒன்று. மூக்கில் நான் நேரில் வந்து கொடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முகத்தில் எதையும் அடக்கத் தெரியாத
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: நான்கு நாளுக்கு முன் எழுதிய இந்தக் கடிதம் இன்று துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து உங்கள் சம்பந்தியம்மாவிடம் கிடைத்தது. கடிதத்தைத் தபாலில் போடாதது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் மேலே எழுதியது ஒன்றுகூட இப்போது செல்லாது. ஆனாலும் தப்பை அழிக்கக் கூடாது என்பதால் அப்படியே அனுப்புகிறேன். முழுக் கடிதத்துக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு, கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

முதலாவது, ஆள் தேவைப்படவில்லை. ஒத்திகையை வாசலில் நின்று பார்த்த கலெக்டர், "எல்லாரும் வெளில போங்க. அம்மா மட்டும் பின்னாடி உக்காரட்டும். அட்டைய நானே பெட்டில போடுறேன்" என்று உத்தரவு போட்டுவிட்டாள். இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. குழுவும் ஒப்புக்கொண்டது. நேற்று அவள்தான் முதல் ஆள். மூன்றாவது மருந்து முடிந்து வெளியே வந்தவள், "அது இன்னொரு தடவ குடுப்பாங்களா?" என்று கேட்டாள். எந்த லேபிள் என்று தெரிந்துவிடக் கூடாது என்று கோடு அம்மா காதைப் பொத்திக்கொண்டார். கண்ணைப் பொத்திக்கொள்ள மறந்துவிட்டார், கண் நிறைந்திருந்தது. தையல்கார அம்மா சுவரோரமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

இரண்டாவது, முகமும் கைவசம் இல்லை. இன்று காலை என் மகள் ஒரு படம் அனுப்பினாள். அதில் நீங்கள் தரையில் நான்கு காலில் நிற்கிறீர்கள். முதுகில் என் பேத்தி, அவள் கையில் உங்கள் மூக்குக்கண்ணாடி. நீங்கள் கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறீர்கள். ஒரு மாதமாகத் தினமும் இதே கூத்துதானாம். நாற்பது வருட அனுபவமும் ஒரு ரப்பர் வாத்தும் இருநூற்றுப் பதினான்கு முறை முயன்று முடியாததை, இன்னும் நடக்கத் தெரியாத ஒருத்தி முடித்துவிட்டாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டிவிட்டேன். கோணலாகத்தான் மாட்டியிருக்கிறேன், நேராக்கப்போவதில்லை.

இருந்தாலும் கட்டாயம் புறப்பட்டு வாருங்கள். மூன்று மருந்தும் முடித்துப் பிள்ளைகள் வெளியே வரும் வாசலில் கோடு அம்மா நமக்கு இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார். அங்கே எவ்வளவு சிரித்தாலும் ஆராய்ச்சிக்குப் பாதகமில்லையாம். பையைத் துவைத்தாயிற்று, வாத்தை நான் எடுத்து வருகிறேன். படத்தில் இருக்கும் அந்த முகத்தை நீங்கள் எடுத்து வாருங்கள்.